நாரைக் கப்பலில் பெரியவர்களுக்கு நித்திரை

சுவிற்சர்லாந்துத் தமிழ்ச் சினிமாவின் வரலாற்றை யாராவது எழுத விரும்பினால் தாராளமாக எழுதலாம்; ஒரு பின்னேரம் போதும். அந்த வரலாற்றின் முதல் அத்தியாயத்துக்கு மரியதாஸ் என்று பெயர். இரண்டாம் அத்தியாயம் இன்னும் கிடைக்கவில்லை.

மரியதாஸ் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்து, எண்பதுகளின் நடுவில் சுவிசுக்கு அகதியாக வந்து, சூரிச்சை ஒட்டியிருக்கும் ஷ்லீரனில் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். நகரத்து ஹொட்டேல்களில் யார் யாரோ படுத்தெழும்பிய விரிப்புகளைத் தோய்த்து, காயவைத்து, மடித்துத் திருப்பி அனுப்புவது அந்தத் தொழிற்சாலையின் தொழில். திங்கள் முதல் வெள்ளி வரை மரியதாஸ் அங்கே ஒரு தொழிலாளி. சனியும் ஞாயிறும் வேறு ஆள். தோளில் வீ.எச்.எஸ். கமெரா, கையில் கண்ணைப் பறிக்கிற விளக்கு, கழுத்தில் சுற்றிய வயர். லோசானில் கலியாணமா, ஜெனீவாவில் பெண்பிள்ளையின் சாமத்திய வீடா, பக்கத்துத் தெருத் தேவாலயத்தில் முதல் நன்மையா, எல்லாவற்றுக்கும் வீடியோ மரியதாஸ் வரவேண்டும். அவர் வந்து சேரப் பிந்தினால் தாலியும் பிந்தும். ஐயரும் பாதரும் காத்திருந்த சம்பவங்கள் உண்டு.

அவருடைய கலைக் கொள்கை ஒரே வசனத்தில் அடங்கும்: முகம் விழவேணும். வந்திருந்த ஒவ்வொருவரின் முகமும் கசற்றில் விழவேண்டும். ஒருமுறை லோசான் கலியாணமொன்றில், கனடாவிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன், கமெரா கடந்துபோன நேரம் பார்த்துக் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிவிட்டார். கசற்றில் அவருடைய முதுகு மட்டும் இருந்தது. "முதுகைக் காட்டவோ நான் கடல் கடந்து வந்தனான்?" என்று அவர் ரொறன்ரோவிலிருந்து ரெலிபோனில் கேட்டார். இரண்டு குடும்பத்துக்கும் கதைபேச்சு இல்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து மரியதாஸ் மேசை மேசையாகப் போவார். யாரும் தப்ப முடியாது.

இதனால் எங்கள் சனத்துக்கு ஒரு பயிற்சி வந்திருந்தது. விளக்கு மேலே பட்டதும், வாய்க்குப் போன சோற்றுக் கை பாதியில் நிற்கும். தலை வெளிச்சத்தின் பக்கம் திரும்பும். முகம் சிரிக்கும். வெளிச்சம் அடுத்தவர் மேலே போனதும் சிரிப்பு அணைந்து, சோறு தன் பயணத்தைத் தொடரும். பத்து வருடத்தில் இது மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. பஸ்ஸில் போகும்போது வெயில் அடித்தாலே திரும்பிச் சிரிக்கிறவர்கள் இருந்தார்கள்.

இத்தனை முகங்களையும் விழவைத்த மனிதரின் முகம் மட்டும் எந்தக் கசற்றிலும் இல்லை. சொந்த மகள் மெலானியின் முதல் நன்மைக் கசற்றிலும் இல்லை. அவருடைய மனைவி பற்றிமா அதிகாலையில் கந்தோர்களில் அலுவலக அறைகள் துப்பரவாக்கப் போகிறவர். களைப்போடு வந்தாலும் பகிடிக்குக் குறைவில்லை. "இந்தக் கசற்றைப் பார்க்கிற ஆக்கள் நான் புருசன் செத்த மனிசி எண்டுதான் நினைப்பினம்," என்பார்.

"பின்னாலை கேக்கிற குரல் என்ரைதானே."

"ஓம். 'கொஞ்சம் தள்ளுங்கோ, கொஞ்சம் தள்ளுங்கோ' எண்டு. ஆவி கதைக்கிற மாதிரி."

மரியதாஸுக்கு ஒரு ஆசை இருந்தது. தன்னை வீடியோக்காரன் என்று கூப்பிடுகிறவர்கள், சாகிறதுக்கு முதல் ஒரு தடவையாவது டைரக்டர் என்று கூப்பிட வேண்டும். ஒரேயொரு படம். அதில் தாலி இருக்கக்கூடாது. இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. பற்றிமாவுக்கு மட்டும் சொன்னார். அதனால் எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஆசைக்கு வழி, தொழிற்சாலையின் சூடான உருளைக்கு முன்னால் திறந்தது. ஈர விரிப்பின் ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை இன்னொருவரும் பிடித்து, நேராக்கி, உருளைக்குள் விடவேண்டும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மரியதாஸுக்கு மறுமுனையில் நின்றவர் ஹலீனா என்ற போலந்துப் பெண்மணி. அறுபதை நெருங்கியவர். நரைத்த தலை, கறுப்புச் சட்டகக் கண்ணாடி, சிரிப்பதற்கு முன் யோசிக்கிற முகம். இருவரும் தங்களுக்குள் டொச்தான் கதைத்தார்கள். அந்த டொச்சை ஜேர்மன்காரர் கேட்டிருந்தால் அழுதிருப்பார். ஆனால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கியது.

ஹலீனா ஊரில் ஆசிரியையாக இருந்தபோது, பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்காக விண்வெளிக் கதைப் புத்தகங்கள் எழுதியவர். நான்கு பாகம். அந்தக் கதையை அவர் விரிப்புக்கு ஒரு வசனமாகச் சொல்லத் தொடங்கினார்.

நாரை என்று ஒரு விண்கப்பல். தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்குக் குடிபெயரும் சனங்கள் அதில் போகிறார்கள். பயணம் நீளம் என்பதால் எல்லாரையும் பெட்டிகளில் நித்திரையாக்கியிருக்கிறார்கள். ஏதோ பிழையால் ஏழு பிள்ளைகள் மட்டும் விழித்துவிடுகிறார்கள். பெரியவர்கள் அத்தனை பேரும் நித்திரை. எழுப்புகிற இயந்திரம் பழுது. இனிக் கப்பலைப் பிள்ளைகள்தான் ஓட்டவேண்டும்.

மரியதாஸ் இதை வீட்டில் சாப்பாட்டு மேசையில் திருப்பிச் சொன்னார். அந்த நாட்களில் மெலானிக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் இருக்கும்போது காதில் வோக்மன். அப்பா வாய் அசைப்பது தெரியும், சத்தம் கேளாது. இரண்டாம் நாள் ஒரு காதுக் குமிழ் கழன்றது. மூன்றாம் நாள் மற்றதும் கழன்றது.

"அப்பா, அந்தப் பெட்டியள் ஏன் திறக்கேல்லை?"

"அது எனக்குத் தெரியாது. நாளைக்குத்தான் அந்த விரிப்பு வரும்."

பற்றிமா புருசனின் காலை மேசைக்குக் கீழே தட்டினார். மகள் ஒரு முழுக் கேள்வியைத் தமிழில் கேட்டு எவ்வளவு காலம்.

அடுத்த கிழமை மரியதாஸ் உருளைக்கு முன்னால் நின்று ஹலீனாவிடம் கேட்டேவிட்டார். "நான் இதைப் படமாக எடுக்கலாமா?"

"உங்களிடம் கமெரா இருக்கிறதா?"

"இருக்கிறது."

"நடிக்கப் பிள்ளைகள்?"

"தேவைக்கு மேலே இருக்கிறார்கள்."

"விண்கப்பல்?"

"தேவாலயத்துப் பங்கு மண்டபம் இருக்கிறது."

ஹலீனா அடுத்த விரிப்பின் முனையை எடுத்து நீட்டினார். பிறகு சொன்னார். அவருடைய நாட்டிலேயே ஒருமுறை படம் எடுக்க ஆட்கள் வந்தார்களாம். கதை மிக நல்லது என்றார்களாம். ஒரு சின்ன மாற்றம் மட்டும் கேட்டார்களாம்: ஒரு பெரியவர் விழித்தெழும்ப வேண்டும். ஒரேயொருவர். ஒரு பொறியியலாளர், நல்ல மனிதர், மீசை வைத்தவர். அவர் பிள்ளைகளுக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லித் தருவார். பிள்ளைகள் தாங்களாகக் கப்பல் ஓட்டினால் அரசாங்க மேலிடத்துக்குப் பிடிக்காது. ஹலீனா முடியாது என்றார். படமும் வரவில்லை, பிறகு புத்தகங்களும் மறுபடி அச்சாகவில்லை.

"அந்த மீசைக்காரன் இப்போதும் கனவில் வந்து எனக்கு ஆலோசனை சொல்கிறான்," என்றார் ஹலீனா. "ஒரு நிபந்தனைதான், திரு மரியதாஸ். என் கப்பலில் பெரியவர்களின் ஒரு கண்கூடத் திறக்கக்கூடாது."

"திறக்காது," என்றார் மரியதாஸ். விரிப்பின் இரு முனையிலும் கை இருந்ததால் கைகொடுக்க முடியவில்லை. தலையாட்டிக்கொண்டார்கள்.

ஒரு விஷயத்தில் ஹலீனாவுக்கு அனுபவம் போதாது. எங்கள் சனத்தில் ஒரு காரியம் தொடங்கினால் அது தொடங்கியவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. மண்டபத்துக் கதவு திறக்கப்பட்ட அன்றே தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் சங்கத் தலைவர் கனகரத்தினம் உள்ளே நின்றார். பலசரக்குக் கடைக்காரர், கம்பீரமான ஆள். மூக்குக்குக் கீழே நன்றாக எண்ணெய் பூசி முறுக்கிய மீசை ஒன்று இருந்தது. இதைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் மரியதாஸ் கவனிக்கவில்லை.

கப்பல் நன்றாக வந்தது. சுவர் முழுக்கக் கனகரத்தினம் கடையிலிருந்து வந்த அலுமினியத் தாள். தொழிற்சாலை கழித்துவிட்ட சலவை இயந்திரங்களின் திருகுகளும் குமிழ்களும் கப்பலின் கட்டுப்பாட்டுப் பலகையாயின. 'பருத்தி 60' என்ற திருகைத் திருப்பினால் கப்பல் இடப்பக்கம் போகும். கனகரத்தினத்தின் மகன் பானுஜன் கப்பலோட்டி; மெலானி தலைவி. மற்ற ஐந்து பிள்ளைகளும் ஐந்து வீட்டுப் பிள்ளைகள். ஐந்து வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள், சொந்தக்காரரோடு.

முதல் நாள் எடுக்க இருந்தது, கப்பல் புறப்படும் காட்சி. மரியதாஸ் கமெராவைத் தோளில் தூக்கினார். அதன்பிறகு நடந்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய தோளுக்குத் தெரிந்தது அதுதான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஹலீனா மரியதாஸ் வீட்டுக்கு வந்து, மட்டன் ரோல்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, ரீவிக்கு முன்னால் அமர்ந்தார். படம் தொடங்கியது. முதலில் ஒரு ரோசாப்பூ விரிந்தது. அதற்குள்ளிருந்து விண்கப்பலின் வாசல் வந்தது. வாசலில் நிறைகுடம், இரு பக்கமும் குத்துவிளக்கு. தில்லைநாயகி, அதாவது கனகரத்தினத்தின் மனைவி, பச்சைப் பட்டுச் சேலையில் நின்று விண்வெளிப் பிள்ளைகளுக்கு ஆலாத்தி எடுத்தார். பிறகு பிள்ளைகள் வரிசையாக நிற்க, பெரியவர்கள் சோடி சோடியாக வந்து இரு பக்கமும் நின்று கமெராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். பிறகு பந்தி. பிறகு இதய வடிவம் ஒன்று திறக்க, அதன் நடுவில் கனகரத்தினம் நின்றார்.

"பிள்ளையள்," என்றார் திரையில் கனகரத்தினம், "நீங்கள் எந்தக் கிரகத்துக்குப் போனாலும் படிப்பை விட்டிடக்கூடாது."

ஹலீனா ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"யார் இவர்?"

"சங்கத் தலைவர். நல்ல மனிதர்."

"இவருக்கு மீசை இருக்கிறது."

மரியதாஸ் அப்போதுதான் கனகரத்தினத்தின் மீசையை முழுதாகப் பார்த்தார்.

ஹலீனா கோபப்படவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது வருடத்துக்கு முன் இவரை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினேன்," என்றார். "ஷ்லீரனில் வந்து நிற்கிறார்." பிறகு எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டார். "அடுத்த ஞாயிறு பின்னேரம் மண்டபத்துக்கு வருகிறேன். ஒரு கண் திறந்திருந்தாலும் கதை என்னோடு திரும்பி வரும்."

அவர் போனபிறகு மெலானி அறை வாசலில் வந்து நின்றாள். "கதை போனால் நானும் போறன் அப்பா. இது படம் இல்லை. இது பானுஜன்ரை கலியாண வீடு." கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வோக்மன் திரும்பக் காதுக்குப் போனது.

மரியதாஸின் நிலைமையை வாசகர்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். பெரியவர்களைப் படத்தில் விட்டால் கதை போகும், மகளும் போவாள். வெட்டினால் சனம் போகும். விண்வெளிக்குப் போன படத்தில் முகத்தை வெட்டியவனைக் கலியாண வீட்டுக்கு யார் கூப்பிடுவார்கள்? அவர் சோபாவில் சாய்ந்து, நின்றுபோன திரையில் கனகரத்தினத்தைப் பார்த்தபடி இருந்தார்.

பற்றிமா தட்டுகளை எடுக்க வந்தார். "இப்ப என்ன பிரச்சினை?"

"எல்லாற்றை முகமும் விழவேணும். ஆனால் ஒராளும் கண் திறக்கக்கூடாது."

"அவ்வளவுதானே. படுக்கவிடுங்கோ."

"என்ன?"

"கதையிலை பெரிய ஆக்கள் பெட்டிக்குள்ளை நித்திரை எண்டுதானே சொன்னனீங்கள். உங்கடை வேலையிடத்திலை அவ்வளவு விரிப்புக் கழிவுக்குப் போகுது. கொண்டுவந்து நிலத்திலை விரிச்சு, எல்லாரையும் கிடத்திப்போட்டு, முகத்தை எடுங்கோ." மிஞ்சியிருந்த ரோல்ஸை வாயில் போட்டுக்கொண்டு குசினிக்குப் போனார். சுவிஸ் தமிழ்ச் சினிமாவின் திரைக்கதைப் பிரச்சினை இவ்வாறு தீர்ந்தது.

கனகரத்தினத்திடம் சொல்வதுதான் கடினமான பகுதி. மரியதாஸ் கடைக்குப் போய், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று விளங்கப்படுத்தினார்.

"நான் படுத்துக் கிடக்கவோ?" என்றார் கனகரத்தினம். "தலைவர் எண்டுறவன் நிலத்திலை கிடந்தால் சனம் என்ன கதைக்கும்?"

"அண்ணை, நீங்கள்தான் கப்டன். கப்டன் நித்திரை. அவர் எழும்பினால் கதை முடிஞ்சுது. முழுக் கதையும் நீங்கள் எழும்பாமல் இருக்கிறதிலைதான் நிக்குது."

கனகரத்தினம் மீசையைத் தடவினார். இந்தக் கோணத்தை அவர் யோசிக்கவில்லை.

கல்லாவில் நின்ற தில்லைநாயகி தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "ஓம் எண்டு சொல்லுங்கோவன். வீட்டிலை ஞாயிற்றுக்கிழமையிலை செய்யிறதைத்தானே தம்பி கேக்கிறார்."

"அக்கா, நீங்களும் படுக்கவேணும்."

"நானோ? ஆம்பிளையளுக்கு முன்னாலை நிலத்திலையோ?" சற்று யோசித்தார். "பொம்பிளையளுக்குப் புறம்பாய் ஒரு பக்கம் விடுங்கோ. சேலை மாற்றமாட்டன். நகையும் கழட்டமாட்டன்."

எந்தக் கிரகத்தில் எழும்பினாலும் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். மரியதாஸ் ஒப்புக்கொண்டார்.

அந்த ஞாயிறு கார்த்திகை மாதத்துக் குளிர். வெளியே பனிமழை, மண்டபத்துக்குள் சூடாக்கிகள் முழு வேகத்தில் எரிந்தன. பூசை முடிந்தவர்கள், பூசைக்கும் போகாமல் இரவு வேலையிலிருந்து நேரே வந்தவர்கள், அடுத்த நாள் விடியமுன் கந்தோர் துப்பரவாக்கப் போகவேண்டியவர்கள் என்று ஒரு கூட்டம். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், கோயிலில் போல. நடுவில் பிள்ளைகளுக்கு நடமாட ஒரு பாதை. எல்லார் மேலும் கழுத்துவரை வெள்ளை விரிப்பு. மரியதாஸ் விளக்கைத் தூக்கினார். "எல்லாரும் நித்திரை," என்றார்.

வெளிச்சம் முதலாவது முகத்தில் பட்டது. முகம் திரும்பிச் சிரித்தது.

"அண்ணை, கண்."

"மூடித்தானே இருந்தனான்."

"சிரிச்சனீங்கள்."

"நித்திரையிலை சிரிக்கிறதில்லையோ?"

இரண்டாவது முகம், மூன்றாவது முகம், எல்லாம் அப்படித்தான். பத்து வருடப் பயிற்சி லேசில் போகாது. கண்ணை இறுக்கி மூடியவர்களுக்கு உதடு தானாக விரிந்தது. உதட்டை இறுக்கியவர்களுக்குத் தலை வெளிச்சத்தின் பக்கம் சூரியகாந்தி போலத் திரும்பியது. கனகரத்தினம் நடிப்பில் ஒரு படி மேலே போய்க் குறட்டை விட்டார்.

"அண்ணை, விண்கப்பலிலை குறட்டை வராது."

"கப்டனுக்கும் வராதோ?"

"இந்தாளுக்கு வீட்டிலை உண்மையா வருகிற குறட்டை இதைவிட மோசம், தம்பி," என்று வலப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபம் முழுக்க விரிப்புகள் குலுங்கின.

மத்தியானம்வரை ஒரு நல்ல முகம்கூட விழவில்லை. மெலானி பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில், எனக்குத் தெரியும் என்ற பார்வை. மரியதாஸ் முதல்நாள் ஜெனீவாவில் ஒரு கலியாணத்தை எடுத்து முடித்து, கண்ணோடு கண் மூடாமல் கார் ஓட்டி வந்தவர். கமெராவைத் தாங்கியில் பூட்டிவிட்டு, "சாப்பிடுவம்," என்றார். தோற்றுப்போன குரல்.

தில்லைநாயகியின் சாப்பாடு வந்தது. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சோறு. வேண்டாம் என்றவர்களுக்கும் விழுந்தது. சாப்பிட்டு முடிந்ததும் மரியதாஸ் எல்லாரையும் திரும்பப் படுக்கச் சொன்னார். "ஒண்டும் நடிக்கவேண்டாம். நான் லைற்றைச் சரிக்கட்டும்வரைக்கும் சும்மா கிடவுங்கோ." ஒரு கவிழ்த்த சலவைக் கூடையில் அமர்ந்து, வயரை நேராக்கத் தொடங்கினார்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பெரியவர்கள் ஒருவரும் காணவில்லை. பிள்ளைகள் சொன்னதையும் கசற்றில் இருந்ததையும் வைத்தே இதை எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் நித்திரைக்குப் போனவர் கனகரத்தினம். குறட்டை வரவில்லை என்பதிலிருந்து அது நடிப்பில்லை என்று தெரிந்தது. உண்மையான குறட்டை பிறகுதான் வந்தது. பிறகு இரவு வேலைக்காரர். பிறகு பற்றிமா, ஒரு கை கன்னத்துக்குக் கீழே. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து பகலில் படுத்தறியாத ஒரு கூட்டம், சூடாக்கிக்கும் சோற்றுக்கும் வெள்ளை விரிப்புக்கும் நடுவில் ஒவ்வொருவராக அமிழ்ந்துபோனது. கதைத்துக்கொண்டிருந்த இரு பெண்கள் பாதி வசனத்தில் போனார்கள். கூடையில் இருந்த மரியதாஸின் தலை சுவரில் சாய்ந்தது. வயர் கையில் இருந்தது.

பிள்ளைகள் ஏழு பேரும் நடுப்பாதையில் நின்றார்கள். பானுஜன் தகப்பனின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை.

கதவு திறந்தது. முதலில் மண்டபக் காவலாளி, ஹவுஸ்வார்ட். ஞாயிற்றுக்கிழமையில் இந்த மண்டபத்திலிருந்து சத்தம் வருகிறதென்று எப்போதும் முறைப்பாடு வரும். அன்று சத்தமே வரவில்லை என்பதால் பயந்து பார்க்க வந்திருந்தார். உள்ளே பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பின்னால் வந்த ஹலீனாவுக்கு வழிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

ஹலீனா மேலங்கியோடேயே நடுப்பாதையில் நடந்தார். பரீட்சை மண்டபத்து ஆசிரியை நடக்கிற நடை. ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார், ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் குனிந்து, திறந்த கண் ஒன்றைத் தேடினார். கனகரத்தினத்துக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றார். மீசை மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. இருபது வருடமாக அவருக்கு ஆலோசனை சொல்லிவந்த மனிதர் வாயைத் திறந்துகொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் கிடந்தார்.

"உன் அப்பா?" என்று மெல்லக் கேட்டார்.

மெலானி கூடையைக் காட்டினாள். "எழுப்பட்டுமா?"

"புத்தகத்தின் கடைசியில் அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?"

"எழுப்பவில்லை."

"பிறகென்ன?"

ஹலீனா சப்பாத்தைக் கழற்றினார். மேலங்கியை மடித்துத் தலையணையாக்கினார். கண்ணாடியைக் கழற்றி அதற்குள் வைத்துவிட்டு, பெண்கள் பக்கம் போய், தில்லைநாயகிக்குப் பக்கத்தில் படுத்தார். தில்லைநாயகி நித்திரையிலேயே கொஞ்சம் தள்ளி, தன் விரிப்பில் பாதியை இழுத்து அவர் மேலே போட்டுவிட்டார். வளையல்கள் ஒருமுறை சத்தம் போட்டு அடங்கின.

கப்பலில் விழித்திருந்த பெரியவர் ஒருவரும் இல்லை.

மெலானி கமெராவின் பொத்தானை அழுத்திவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினாள். அன்று எடுக்க இருந்தது நான்காம் பாகத்தின் கடைசிக் காட்சி: கப்பல் புதிய கிரகத்துக்கு வந்துவிட்டது. எழுப்புகிற இயந்திரமும் திருத்தியாகிவிட்டது. அதை இயக்கும் திருகில் தலைவியின் கை. 'கம்பளி 30'.

"எழுப்புவமோ?" என்றான் பானுஜன், தன் வசனத்தை.

"வேண்டாம், எழும்பினால் அதிகாரம் பண்ணுவினம்," என்பது மெலானிக்கு எழுதியிருந்த வசனம். அவள் இரு பக்கமும் பார்த்தாள். அம்மாவின் கன்னத்துக்குக் கீழே இருந்த கையைப் பார்த்தாள். துப்பரவு மருந்துத் தண்ணீரில் வெளிறிய விரல்கள். திருகிலிருந்து கையை எடுத்தாள்.

"வேண்டாம்," என்றாள். "படுக்கட்டும். நாளைக்கு அவையளுக்கு வேலை இருக்கு."

பிறகு அவள் கமெராவைத் தாங்கியிலிருந்து கழற்றித் தோளில் வைத்தாள். எப்படி நடக்கவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா நடப்பதை எத்தனையோ மண்டபத்தில் அலுப்போடு பார்த்திருக்கிறாள். இடப்பக்க வரிசையில் தொடங்கி, ஒருவரையும் விடாமல், முகம் முகமாகப் போனாள். ஒரு பெரியவருக்கு விரிப்பு முகத்தை மூடியிருந்தது. பானுஜன் மெதுவாக விலக்கிவிட்டான்.

மரியதாஸ் திடுக்கிட்டு எழும்பியபோது யன்னலில் இருட்டிக்கொண்டு வந்தது. "லைற்றைப் போடுங்கோ," என்றார். "ஃபிரவ் ஹலீனா வரப்போறா."

"வந்திட்டா," என்றாள் மெலானி. அவள் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மேலே ஏறி உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். விரலால் காட்டினாள்.

மரியதாஸ் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார். ஹலீனாவின் இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

"காட்சி?"

"எடுத்தாச்சு."

"ஆர் எடுத்தது?"

"நாங்கள்."

மரியதாஸ் இன்னும் கையிலிருந்த வயரைப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரேயொரு படம். அதன் கடைசிக் காட்சி எடுக்கப்பட்ட நேரத்தில் டைரக்டர் நித்திரை. கடைசியில் அவரால் கேட்க முடிந்தது ஒரு கேள்விதான். "முகம்?"

"எல்லாற்றையும் விழுந்தது அப்பா."

மிச்சக் காட்சிகளும் எடுத்து முடிந்து, நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு அதே மண்டபத்தில் படம் காட்டப்பட்டது. ரோசாப்பூவும் இல்லை, இதயமும் இல்லை, ஆலாத்தியும் இல்லை. ஹலீனா முதல் வரிசையில் இருந்தார். கடைசிக் காட்சி வந்தபோது மண்டபம் தன்னைத்தானே தேடத் தொடங்கியது.

"அது நான்."

"வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கலாம்."

"தில்லைநாயகிக்குப் பக்கத்திலை ஆர் அந்த வெள்ளைக்காரி?"

"பார், நித்திரையிலையும் என்ரை சேலை குலையேல்லை," என்றார் தில்லைநாயகி.

கனகரத்தினம் எழுந்து நின்று, பின்னால் இருந்தவர்களுக்கு விளங்கப்படுத்தினார்: மற்றவர்கள் உண்மையாகவே நித்திரை, தான் மட்டும் நடித்தது. குறட்டையும் நடிப்புத்தான். ஹலீனா அவரைத் திரும்பிப் பார்த்தார். யோசித்தார். பிறகு சிரித்தார்.

மரியதாஸ் பின்சுவரோடு, வழக்கமான இடத்தில், பற்றிமாவுக்குப் பக்கத்தில் நின்றார். முன்னால் யாரோ, "டைரக்டர் எங்கை?" என்று கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. திரையில் வரிசை முடிந்துவிட்டது, இனி இருட்டு வரும் என்று எதிர்பார்த்தார். இருட்டு வரவில்லை. படம் ஒருமுறை ஆடி, கவிழ்த்த கூடை ஒன்றைக் காட்டி, மேலே ஏறியது. சுவரில் சாய்ந்த தலை. திறந்த வாய். கையில் வயர். கமெரா அந்த முகத்தில் மற்ற எல்லா முகங்களையும் விடக் கூட நேரம் நின்றது.

"ஆரிது?" என்றார் பற்றிமா. "எங்கையோ கண்ட முகம்."

மரியதாஸ் சுவரிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார். "கமெரா கொஞ்சம் ஆடுது," என்றார்.

"பாரமான கமெராதானே. பிள்ளையின்ரை தோள் நொந்திருக்கும்," என்றார் பற்றிமா. "பேசாமல் பாருங்கோ."